நண்பர்களோடு கடலுக்குத் தூண்டில் போட முதன்முறை செல்வோருக்கு

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கோவளத்தில், மாசி மாதத்து அதிகாலையில் கடலைப் பார்த்தபடி நின்றால் காற்று உங்கள் முதுகில் படும். இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் இந்தக் கரைக்காற்று மெல்லியது. இது வீசும் வரையில் கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். வெயில் ஏறி மணல் சூடாகும்போது காற்று சற்று நேரம் நின்றுபோகும். பிறகு, பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, திசை மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள் கடலின் முகமே மாறிவிடும். காலையில் கண்ணாடிபோல் இருந்த நீரில் சிறு படகு குலுங்கத் தொடங்கும். காற்றின் இந்தத் திருப்பத்துக்கு முன்பே போய், மீன் பிடித்து, கரையை நெருங்கிவிடுவதுதான் ஒரு நல்ல தூண்டில் நாளின் அடிப்படைக் கணக்கு. ராட் (தூண்டில் கோல்) எது, ரீல் (நூல் சுருட்டும் உருளை) எது என்று வாரக்கணக்கில் பேசிக்கொள்ளும் நண்பர்கள், காற்று எத்தனை மணிக்கு மாறும் என்று படகுக்காரரிடம் ஒரு சொல் கேட்காமல் கரைக்கு வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, கருவிகளுக்கு முன்பாகக் காற்றைப் பற்றியும் படகுக்காரரைப் பற்றியும் எழுதுகிறேன். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து, ஃபைபர் படகு ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு, காலையில் போய் மதியத்துக்குள் திரும்பும் ஒரு நாளை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

நாளும் இடமும்

வட தமிழகக் கடற்கரையில் புதியவர்களுக்கு ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை முழுதும் ஓய்ந்த பிறகு வரும் தை இறுதி முதல் பங்குனி வரையிலான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் புயல் சின்னங்களும் இருக்கும். அனுபவம் உள்ளவர்களே தயங்கும் காலத்தில் புதியவர்கள் ஆசைப்படக் கூடாது. தெற்கே இந்தக் கணக்கு வேறுபடும். தூத்துக்குடிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரை கடல் கடுமையாக இருக்கும். இராமேசுவரத்தில் ஒரே தீவின் இரு புறமும் இரண்டு கடல்கள்: பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள், ஒன்று கொந்தளிக்கும் பருவத்தில் மற்றொன்று அடங்கியிருப்பதும் உண்டு. ஆனால் முதல் பயணத்துக்கு அந்தப் பகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடுவது குற்றம். பாக் நீரிணையிலோ 1974-ஆம் ஆண்டு உடன்பாட்டில் வகுக்கப்பட்ட சர்வதேச எல்லைக் கோடு மிக அருகில் ஓடுகிறது. மீன் பின்னால் போகும் மும்முரத்தில் அதைக் கடந்துவிட்டால் வரும் துன்பம் என்ன என்பது இராமேசுவரத்து மீனவக் குடும்பங்களுக்குத் தெரியும்.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே வானிலையைப் பார்க்கத் தொடங்குங்கள். சென்னை வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கென்று தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், காற்றின் வேகம், நீரோட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே கணித்துத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அலை ஒரு மீட்டருக்குள்ளும், காற்று மணிக்கு 20 கிலோ மீட்டருக்குள்ளும் இருந்தால் புதியவர்கள் போகலாம் என்பது என் அளவுகோல்; இதைவிடக் கூடுதலாக இருக்கும்போது போய்வந்தவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் மகிழ்ச்சியோடு போய்வந்தார்களா என்பது வேறு கேள்வி. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுவிட்டால், கரையில் வெயில் அடித்தாலும், பயணத்தைத் தள்ளிவையுங்கள். எல்லாக் கணிப்பும் சாதகமாக இருந்து, கரையில் நிற்கும் படகுக்காரர் மட்டும் கடலைப் பார்த்துவிட்டு இன்று வேண்டாம் என்றால், அவர் சொல்லே இறுதிச் சொல். அதற்கு மேல் கேள்வி கேட்காமல், முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பிவிடக்கூடிய நண்பர்களை மட்டுமே அழைத்துச் செல்லுங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். இத்தடை விசைப்படகுகளுக்கே உரியது என்றாலும், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காகவே அது போடப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கடலுக்குப் போகும் நாம் அந்த இரண்டு மாதமும் கரையில் இருந்துவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

படகும் படகுக்காரரும்

முதலில் கேட்க வேண்டியது, படகு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் பதிவு செய்யப்பட்டதா, வெளியாட்களைத் தூண்டில் போட அழைத்துச் செல்ல அதற்கு அனுமதி இருக்கிறதா என்பது. மீன்பிடிப்பதற்காகப் பதிவான படகில் ஆட்களை ஏற்றிச் செல்வது தனி விஷயம். விடை தெளிவாக வராவிட்டால் அந்தப் பகுதியின் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், அல்லது முறையான அனுமதியோடு தூண்டில் பயணங்களை நடத்துபவர்களிடம் செல்லுங்கள். ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டையை நீர் புகாத உறையில் வைத்திருக்க வேண்டும். கடலில் கடலோரக் காவல்படையோ கடலோரப் பாதுகாப்புக் குழுமமோ நிறுத்திக் கேட்கலாம்.

ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள ஃபைபர் படகில், படகுக்காரரும் அவருடைய உதவியாளரும் போக, தூண்டில் போடுபவர்கள் நால்வருக்கு மேல் இருந்தால் ஒருவர் நரம்பு (தூண்டில் நூல்) மற்றொருவர் நரம்போடு சிக்கும், வீசும்போது ஒருவருடைய தூண்டில் முள் மற்றொருவரைக் குத்தும். மூவர் என்பதே வசதியான எண்ணிக்கை. உயிர்காப்பு உடுப்பு ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டா, அது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டாவது எஞ்சின் இருக்கிறதா, அல்லது துடுப்பும் நங்கூரமும் போதிய கயிறும் இருக்கின்றனவா, வி.எச்.எஃப். வயர்லெஸ் உண்டா என்றும் கேளுங்கள். இவற்றைக் கேட்பதால் எந்த நல்ல படகுக்காரரும் வருத்தப்பட மாட்டார். கேட்டதற்கு எரிச்சலடைபவரோடு போகாமல் இருப்பது நல்லது.

பணம் பற்றிய பேச்சைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். வாடகையில் எரிபொருள் சேர்ந்ததா, பிடிபடும் மீனில் படகுக்காரருக்குப் பங்கு எவ்வளவு, மீன் கிடைக்காவிட்டாலும் முழுத் தொகையா என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்பே விடை பெற்றுக்கொண்டால் திரும்பி வரும்போது மனக்கசப்பு வராது. மீனவர்களுக்குக் கடல் பொழுதுபோக்கு அன்று என்பதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். ஊரில் ஒரு சாவு நேர்ந்தாலோ திருவிழா நடந்தாலோ அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்று ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யும். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை என்பது வழக்கம். நமக்கு விடுமுறை கிடைத்திருக்கிறது என்பதற்காக அந்த வழக்கங்களை மீறச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. பல ஊர்களில் படகில் செருப்போடு ஏறுவதில்லை. அணியத்தில், அதாவது படகின் முன்தலையில், கற்பூரம் ஏற்றி வழிபடுகிறார்கள். கரையில் விரித்துக் கிடக்கும் வலையைச் சுற்றிப் போங்கள், மிதித்துப் போகாதீர்கள்.

உடன் வரும் நண்பர்களிடமும் மறைக்காமல் கேட்க வேண்டியவை உண்டு. யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு வலிப்பு அல்லது இதயக் கோளாறு, யார் என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நீங்களும் படகுக்காரரும் அறிந்திருக்க வேண்டும். சிறு படகில் கழிப்பறை கிடையாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மது அருந்திவிட்டு வருபவரையும், படகில் அருந்தலாம் என்று எண்ணி வருபவரையும் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

கருவிகள்

புதியவர்கள் எல்லா வகைத் தூண்டிலையும் ஒரே நாளில் செய்துபார்க்க முனைவதால் எதையும் சரியாகச் செய்வதில்லை. முதல் பயணத்துக்கு இரண்டு முறைகள் போதும்: ஓடும் படகின் பின்னால் லூரை, அதாவது செயற்கை இரையை, இழுத்துச் செல்லும் ட்ரோலிங், நின்ற படகிலிருந்து ஜிக் எனும் கனமான உலோக இரையை ஆழத்துக்கு இறக்கும் ஜிக்கிங். இரண்டையும் ஒரே ராடில் ஓரளவு செய்யலாம். ஆறு அல்லது ஆறரை அடி நீளமுள்ள, நடுத்தரக் கனமான ராட்; 5000 முதல் 8000 வரையிலான அளவுள்ள, உப்பு நீருக்கென்று செய்யப்பட்ட ரீல்; அதில் 40 பவுண்டு இழுவிசை தாங்கும் பிரெய்டு (பின்னிய இழை) நூல் குறைந்தது 250 மீட்டர்; முனையில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு 60 பவுண்டு லீடர் எனும் தடித்த நைலான் நரம்பு. இவ்வளவு இருந்தால் கோவளம் கடலில் பெரும்பாலான மீன்களைச் சமாளித்துவிடலாம். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் மட்டும் லீடரின் முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி வேண்டும், ஏனென்றால் அவற்றின் பல் நைலான் நரம்பைக் கத்தரிக்கோல்போல் வெட்டிவிடும்.

ரீலின் டிராகை வீட்டிலேயே அளந்து வையுங்கள். மீன் இழுக்கும்போது நூல் அறுந்துபோகாமல் ரீலிலிருந்து நழுவிச் செல்ல விடும் பிடிமானமே டிராகு. அது நூலின் தாங்குதிறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 40 பவுண்டு என்பது சுமார் 18 கிலோ. ஆகவே நூலின் முனையை ஒரு கொக்கித் தராசில் மாட்டி இழுத்தால், நான்கரை கிலோவைக் காட்டும்போது ரீல் நூலை விடத் தொடங்க வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து இறுக்கமாக இருக்கிறது என்று ஊகிப்பவர்கள், பெரும்பாலும் இரு மடங்கு இறுக்கிவைத்து, முதல் பெரிய மீனிலேயே நூலை இழக்கிறார்கள்.

முடிச்சுகளை முதல் நாள் இரவில், விளக்கு வெளிச்சத்தில், அசையாத தரையில் உட்கார்ந்து போட்டு முடித்துவிட வேண்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மிகச் சிறந்தது. அது கைவரும் வரை இரட்டை யூனி முடிச்சு போதும். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் நாக்கில் வைத்து நனைத்துவிடுங்கள். உலர்ந்த நைலான் ஒன்றன்மேல் ஒன்று உரசி இறுகும்போது சூடாகி, கண்ணுக்குத் தெரியாமல் பலம் குன்றிவிடுகிறது; இறுக்கிய முடிச்சுக்கு அருகில் நரம்பு வெளுத்து, சுருண்டு தெரிந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மீண்டும் போடுங்கள். கடையில் வாங்கிய லூர்களில் பெரும்பாலும் மும்முள் கொக்கிகள் இருக்கும். சிறு படகில் மீன் துள்ளும்போது அவை மனிதர் கையில் ஏறுவதுதான் அதிகம் நேரும் விபத்து. அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டுங்கள். மாட்டும் மீனின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை என்பது என் அனுபவம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, நீரின் பளபளப்பைக் குறைக்கும் துருவமாக்கிய (போலரைஸ்டு) கண்ணாடி, நீள்மூக்குக் குறடு, கம்பி வெட்டும் குறடு, கையுறை, முதலுதவிப் பெட்டி, டார்ச், விசில். பெரிய ஐஸ் பெட்டி ஒன்று கட்டாயம்; அது நிறைய உடைத்த ஐஸ் வேண்டும்.

கடல் மயக்கம் வரக்கூடியவர்கள் அதற்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்கிவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு விழுங்கினால் பயன் இல்லை. வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும். படகில் குனிந்து முடிச்சுப் போடுவதும் கைபேசியைப் பார்ப்பதும் மயக்கத்தை விரைவில் வரவழைக்கும். தலை சுற்றுவதுபோல் இருந்தால் எஞ்சின் புகை படாத இடமாகப் பார்த்துப் படகின் நடுவில் உட்கார்ந்து, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.

புறப்பாடு

எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், படகின் பதிவு எண் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். குறித்த நேரம் கடந்து இரண்டு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையோ அழைக்கும்படி அவரிடம் சொல்லிவையுங்கள்.

துறைமுகம் இல்லாத கடற்கரைகளில் படகை மணலிலிருந்தே கடலில் இறக்குவார்கள். அன்றைய நாளின் மிக ஆபத்தான ஐந்து நிமிடங்கள் இவையே. அலை முறியும் இடத்துக்கு முன்பாகப் படகை நிறுத்தி, படகுக்காரர் எஞ்சினில் கை வைத்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வரும், பிறகு ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் பேசாதீர்கள். எழுந்து நிற்காதீர்கள், அணியத்தில் உட்காராதீர்கள், ராடைக் கையில் பிடித்திருக்காதீர்கள். உயிர்காப்பு உடுப்பின் பட்டைகளை எல்லாம் மாட்டி, முழங்காலை மடக்கித் தாழ உட்கார்ந்து, இரு கைகளாலும் படகைப் பற்றிக்கொள்ளுங்கள். எஞ்சின் சீறிப் படகின் முன்தலை ஒருமுறை மேலே தூக்கி அடித்து, நீர் முகத்தில் தெறித்த மறுகணம் எல்லாம் அமைதியாகிவிடும். அப்போது கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

ஓடும் படகில்

வெளிச்சம் வந்ததும் இரண்டு ராடுகளில் மட்டும் லூரை விடுங்கள். ஒன்று படகுக்குப் பின்னால் 20 மீட்டரிலும் மற்றொன்று 40 மீட்டரிலும் இருக்கட்டும், அப்போதுதான் திரும்பும்போது சிக்காது. வேகம் 5 முதல் 7 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 9 முதல் 13 கிலோ மீட்டர். லூர் ஒழுங்காக நீந்துகிறதா என்பதை ராடின் நுனி காட்டிவிடும்; அது சீராகத் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். துடிப்பு நின்றால் பாசியோ பிளாஸ்டிக் பையோ சிக்கியிருக்கும், இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஆலாப் பறவைகள் கூட்டமாக நீரில் பாய்ந்து எழும் இடத்தைக் கண்டால், கீழே சூரையோ வஞ்சிரமோ சிறு மீன் கூட்டத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆர்வத்தில் படகைக் கூட்டத்தின் நடுவே செலுத்தச் சொல்லாதீர்கள். கூட்டத்தின் ஓரத்தை ஒட்டி வளைந்து சென்றால், படகு வெளியே இருக்கும்போதே லூர் மீன்களின் ஊடே போகும். நடுவே போனால் எல்லாம் ஆழத்துக்குப் போய்விடும்.

கொடி கட்டிய மிதவையைக் கண்டால் அங்கே வலை விரிக்கப்பட்டிருக்கிறது. லூர்களைச் சுருட்டிக்கொண்டு விலகிப் போகச் சொல்லுங்கள். உங்கள் முள் தவறி வலையில் சிக்கிவிட்டால் அறுபட வேண்டியது உங்கள் நரம்பு மட்டுமே; லூரின் விலை எவ்வளவாக இருந்தாலும், அந்த வலையின் கண்ணியை அறுத்து அதை எடுக்கக் கூடாது.

வஞ்சிரம் அடிக்கும் விதம் ஒருமுறை கண்டவருக்கு மறக்காது. முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. ராட் வில்லாக வளையும், ரீல் கிறீச்சிட்டபடி நூலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த முதல் ஓட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. டிராகை இறுக்கக் கூடாது, கைப்பிடியைச் சுற்றக் கூடாது. ராடை உயர்த்திப் பிடித்தபடி ஓட விடுங்கள். மற்றவர் தம் லூரைச் சுருட்டிக்கொள்ள வேண்டும், படகுக்காரர் வேகத்தைக் குறைப்பார். ஓட்டம் நின்றதும் ராடை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுருட்டுங்கள். நரம்பு ஒரு கணமும் தளரக் கூடாது. படகை நெருங்கி, நீருக்கடியில் வெள்ளிப் பட்டைபோல் அதன் விலா திரும்புவதைக் கண்டதும் எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் படகைக் கண்ட மீன் இன்னும் ஒருமுறை ஓடும், அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் அதிக மீன்கள் தப்புகின்றன. மீனைத் தூக்கும் கொக்கிக்கோலைப் பிடிப்பவர் ஒருவரே இருக்க வேண்டும், அவர் படகின் உதவியாளராக இருப்பது மேல். படகுக்குள் வந்த வஞ்சிரத்தின் வாயில் விரலை வைக்காதீர்கள். அசைவு நின்ற பிறகும் அதன் தாடை திடீரென்று மூடிக்கொள்வதுண்டு, பற்களோ பட்டையான கத்திமுனைகள். குறடால் மட்டுமே முள்ளை எடுக்க வேண்டும்.

பார் மேல்

வெயில் ஏறியதும் மேல்நீரில் மீன் அடிப்பது குறையும். அப்போது படகுக்காரர் ஏதேனும் ஒரு பாருக்கு அழைத்துச் செல்வார். கடலடியில் பாறை எழும்பிய இடத்தைப் பார் என்பார்கள், ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே, கரையில் தெரியும் கோபுரம், பனை, குன்று ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்வைத்துப் பார்த்து அந்த இடங்களைத் துல்லியமாகக் கண்டுகொண்டவர்கள் இவர்களுடைய முன்னோர். ஒரு பாரின் இடம் ஒரு குடும்பத்தின் சொத்து போன்றது. அதன் புள்ளியை உங்கள் கைபேசியில் குறித்துக்கொள்வது களவுக்கு ஒப்பானது என்றே சொல்வேன்.

ஆழத்தை அவர் பாகக் கணக்கில் சொல்வார். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. பதினாறு பாகம் என்றால் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆழத்துக்கு 80 முதல் 120 கிராம் எடையுள்ள ஜிக் சரியாக இருக்கும். அது தரையைத் தொட்டதும் நரம்பு தளர்வதை விரலால் உணர்ந்து, உடனே இரண்டு சுற்று சுருட்டி மேலே எடுத்துவிட வேண்டும். தரையிலேயே விட்டால் பாறையில் மாட்டும். பிறகு ராடை உயர்த்துவதும் கைப்பிடியைச் சுற்றுவதும் ஒரே தாளத்தில் நடக்க, பத்துப் பதினைந்து சுற்று மேலே கொண்டுவந்து, மீண்டும் விழ விடுங்கள். விழும்போதுதான் பாறை மீன் பெரும்பாலும் கவ்வும். கடல்விராலும் இங்கே கிடைக்கலாம். களவா கவ்வினால் முதல் சில விநாடிகள் விட்டுக்கொடுக்காமல் இழுக்க வேண்டும். அது தன் பொந்துக்குள் புகுந்துவிட்டால் பிறகு எவராலும் எடுக்க முடியாது.

சிறிய மீன்களைத் திருப்பி விடுங்கள். வஞ்சிரம் ஏறத்தாழ 70 செ.மீ. அளவை எட்டும்போதுதான் முதன்முறை முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது. அதற்குக் குறைந்ததைக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த களவாவின் காற்றுப்பை உப்பி, வயிறு வாய்வழியே பிதுங்கியிருந்தால், அதை அப்படியே நீரில் போட்டால் மிதந்தே செத்துவிடும். கொண்டை, அதாவது முள்முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர், இல்லாத கொக்கியில் ஈயக்கட்டி சேர்த்துக் கட்டி, மீனின் தாடையில் மாட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கி ஒரு சுண்டு சுண்டினால், அழுத்தத்தில் காற்றுப்பை சுருங்கி மீன் நீந்திப் போய்விடும்.

திமிங்கிலச் சுறா, இரம்பம்போல் மூக்கு நீண்ட வேளா, கடலாமைகள், கடற்பசு ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ஆல் பாதுகாக்கப்பட்டவை. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நாடி வருவதால் மேல்நீரில் அவற்றின் ஓடு மிதப்பதைக் காணலாம். கண்டதும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி விலகிப் போங்கள். வெட்டிய நரம்புத் துண்டு ஒன்றைக்கூடக் கடலில் போடாமல் பையில் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

ஐஸ்

இதைப் பெரும்பாலோர் சிறு விஷயமாக நினைக்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் சூரைக் கூட்டம் கிடைத்து, பிடிக்கும் உற்சாகத்தில் மீன்களைப் படகின் அடித்தளத்திலேயே போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் பெட்டிக்கு மாற்றினோம். அன்றிரவு குழம்பு வைத்துச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எங்களில் இருவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. மருத்துவமனையில் ஒவ்வாமைக்கான மருந்து கொடுத்த பிறகே அடங்கியது. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் தசையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. மீன் கெட்டுப்போன வாடையும் வராமல் இருக்கலாம்.

ஆகவே மீன் படகுக்குள் வந்ததும் செவுளுக்கு அடியில் வெட்டி இரத்தத்தை வடியவிடுங்கள். ஐஸ் பெட்டியில் உடைத்த ஐஸோடு கொஞ்சம் கடல்நீரையும் ஊற்றிக் கூழாக்கி, அதில் மீன் முழுதும் மூழ்கும்படி வையுங்கள். வெறும் ஐஸ் கட்டிகளின்மேல் வைத்தால் தொட்ட இடம் மட்டுமே குளிரும். உப்புநீர்க் கூழ் எல்லாப் பக்கமும் சூழ்ந்து, விரைவாகக் குளிர வைக்கும். பெட்டியின் மூடியை அடிக்கடி திறந்து படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஐஸ் தீரப்போகிறது என்றால், மீன் கவ்விக்கொண்டிருந்தாலும், தூண்டிலை நிறுத்திவிட வேண்டும்.

ஏதேனும் நேர்ந்தால்

ஒருவர் நீரில் விழுந்துவிட்டால் முதலில் எஞ்சினின் இயக்கத்தைத் துண்டிக்க வேண்டும், சுழலும் காற்றாடியே பெரிய ஆபத்து. ஒருவர் விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலை எவ்வளவு விரைவில் மறைந்துவிடும் என்பதைப் பார்த்தவர்களே அறிவார்கள். மிதவையை வீசுங்கள். யாரும் பின்னால் குதிக்காதீர்கள்.

முள் தோலில் ஏறிக் கொண்டை முழுதும் உள்ளே போயிருந்தால் பின்னோக்கி இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு, முள் அசையாதபடி கட்டுப்போட்டுக் கரைக்குத் திரும்புவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பு. கண்ணருகே என்றால் தொடவே கூடாது. கெளுத்தியின் முள்ளோ திருக்கையின் வால்முள்ளோ குத்தினால், பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில் காயத்தை வைத்திருந்தால் வலி குறையும், ஏனெனில் அந்த நஞ்சு வெப்பத்தில் செயலிழக்கும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது தேநீருக்காக மட்டும் அன்று. ஆனால் கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றித் தோலை வேகவைத்துவிடாமல், நல்ல கையால் சூட்டைப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். அதன்பின் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பேத்தை மீன் மாட்டினால் அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதன் நஞ்சு உயிரைக் கொல்லும். தொலைவில் இடி கேட்டால் கார்பன் ராடுகளை எல்லாம் படுக்கவைத்துவிட்டுத் திரும்புங்கள்.

திரும்பி வந்ததும்

கரைக்காற்று நின்றுபோனதும் படகுக்காரர் சொல்வதற்கு முன்பே நரம்புகளைச் சுருட்டத் தொடங்குங்கள். கரையேறும்போதும் அலை முறியும் இடத்தைக் கடக்க வேண்டும், ஆகவே உயிர்காப்பு உடுப்பை வெக்கை தாளாமல் கழற்றியவர்கள் மீண்டும் மாட்டிக்கொள்ள வேண்டும். மணலில் படகு ஏறியதும் ஓடிப்போய்ப் படம் எடுக்காமல், படகை மேலே தள்ள முதலில் தோள் கொடுங்கள். முன்பே பேசிக்கொண்டபடி மீனைப் பங்கிட்டு, படகுக்காரருக்கு உரியதைப் பெட்டியிலுள்ள நல்ல மீனிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். கரையில் எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்து உப்பைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். ராடின் வளையங்களையும் லூர் முட்களையும் தனித்தனியே துடைத்து, நிழலில் உலர்த்தி, உலர்ந்ததும் டிராகைத் தளர்த்தி வையுங்கள். லீடரின் கடைசி இரண்டு முழத்தை விரல்களுக்கு இடையே வைத்து உருவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டும் இடத்தில் வெட்டிவிட்டு, அன்றே புதிய முடிச்சைப் போட்டு வைத்துவிடுங்கள்.